கடைசி வாசலுக்கான பதில்

அவரை எல்லாரும் கால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து மாட்டிவிடுவது அவர் தொழில். மிஞ்சியிருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பார். வார் தைப்பதும் உள்ளே மெத்தை வைப்பதும் அவர் மனைவியின் பங்கு. புதுக்காலோடு ஆள் நடந்து பார்க்கும்போது மட்டும் கால்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கண்ணால் பார்க்க மாட்டார், சத்தத்தைக் கேட்பார். "உள்பக்கம் அழுத்துது, கழட்டிக் குடுங்க" என்பார். தப்பவே தப்பாது.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு, பேரன் பேத்தி எடுக்கிற வயசில் புத்தி வேறு பக்கம் போயிற்று. "இந்த உடம்பைச் செஞ்சவன் நம்ம பட்டறையில வேலைக்குச் சேர்ந்திருந்தா, முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. கூடவே உட்கார்ந்திருந்த அவர் தங்கைக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "அண்ணி, இவரைக் கொஞ்சம் கேளுங்களேன்!"

கேட்டு என்ன செய்ய? கடைத்தெருக் கடிகாரக்காரர் தலைமையில் இவரையும் சேர்த்து மூன்று பேர், ஆதிகாலத்திலேயே சபை ஒதுக்கிவைத்த ஞானவாதிகளின் மிச்சம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் கூடினார்கள். மனைவி கோயிலுக்குப் போகிற அதே நேரம்! அவர்கள் கணக்கு இதுதான்: உண்மையான தகப்பன் எங்கோ மேலே இருக்கிறார், அவருக்கும் இந்த உலகத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உலகத்தைச் செய்தது கீழே இருக்கிற ஒரு குருட்டு வேலைக்காரன். தானே கடவுள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். மேலேயிருந்து சிந்தின ஒளிப்பொறி ஒன்று மனுஷ உடம்புக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. இயேசு வந்தது நம் பாவத்துக்காகச் சாக அல்ல, அந்தப் பொறியைத் தட்டி எழுப்ப. விசுவாசித்தால் மட்டும் போதாது, தான் யாரென்று தெரிந்துகொண்டவனுக்குத்தான் விடுதலை.

மனைவிக்குக் கோயிலில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்கு நேர் எதிர். தகப்பனும் அவரே, உலகத்தைச் செய்தவரும் அவரே, செய்ததைப் பார்த்து நல்லது என்றவரும் அவரே. மகன் நிஜ உடம்போடு வந்தார், நிஜமாகவே அவருக்கு வலித்தது. கடைசி நாளில் நாமும் உடம்போடு எழுந்திருப்போம்.

"இந்த முழங்கால் வலியோடயா?" என்று கிண்டல் பண்ணுவார்.

"முழங்கால் இருக்கும், வலி இருக்காது."

"அப்ப நம்ம வாடிக்கைக்காரங்க?"

"சொந்தக் காலோட எழுந்து வருவாங்க. உங்க காலை உங்க கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க."

விழுந்து விழுந்து சிரிப்பார். இத்தனை வருஷமும் அந்தச் சண்டை சிரிப்பாகத்தான் முடிந்தது.

வயிற்றில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து பட்டறையை ஒட்டின அறையில் படுக்கவைத்தாள். ஒருநாள் முதுகு துடைத்துவிடும்போது கேட்டாள், "ஏங்க, அப்புறம் நாம பாத்துக்குவோமா?"

ஒரு பொய் சொன்னால்தான் என்ன? மனுஷனுக்கு அது வராது. "அங்க நீ நான்னு கிடையாதும்மா. ஒளி ஒளியோட கலந்துரும்."

"என்னை அடையாளம் தெரியாதா?"

"தெரியாது."

அதோடு அவளுக்குள் என்னமோ மரத்துப்போயிற்று. சமைத்தாள், படுக்கைத் துணி மாற்றினாள், வாங்கின வேலைக்கு வார் தைத்தாள். ஊசி விரலில் ஏறினது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. "வாய்விட்டு அழுதுடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். அழக்கூடாது என்று இவள் என்ன விரதமா இருக்கிறாள்? வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று சேர்ந்தது. உயிர் மேலே போகிற வழியில் வாசலுக்கு வாசல் அந்தக் குருட்டு வேலைக்காரனின் காவல்காரர்கள் நின்று கேள்வி கேட்பார்களாம். சரியான பதில் சொன்னால்தான் விடுவார்களாம். வழியில் மறந்துபோகாமல் இருக்க, சாகிறவர் காதில் யாராவது பதில்களைச் சொல்லி அனுப்ப வேண்டும். கடிகாரக்காரர்தான் சொல்வதாக இருந்தது. அவருக்கோ பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்டது. மூன்றாவது ஆள் எப்போதோ ஊரைவிட்டே போயாயிற்று.

"நீயே சொல்லிடு" என்றார் கால்காரர். பெண்டாட்டியிடம் இதைக் கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அவள் "சரி" என்றாள். கஞ்சி புகட்டும் நேரங்களில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கிருந்து வருகிறாய்? ஒளியிலிருந்து. உன்னைச் செய்தது யார்? நீ இல்லை. என்ன கொண்டுபோகிறாய்? உன்னுடையது எதுவுமில்லை. கடைசி வாசலில் கேட்பது: பின்னால் யாரை விட்டுவிட்டு வந்தாய்? அதற்குப் பதில்: எனக்குப் பின்னால் யாருமில்லை. அதில் தடுக்கினால் வாசல் திறக்காது, தாண்டினதெல்லாம் வீண்.

கடைசி பதிலை அவள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மத்தியான வேளையில் மூச்சு மாறியது. நாத்தனார் செருப்புகூடப் போடாமல் ஃபாதரைக் கூப்பிட ஓடினாள். "நான் வர்ற வரைக்கும் விசுவாசப் பிரமாணம் சொல்லிட்டே இருங்க அண்ணி. வேற எதையும் சொல்லி வைக்காதீங்க, ஆமா!"

வீட்டில் அவளும் அவரும் மட்டும். எதைச் சொன்னாலும் கேட்பாரில்லை. உடம்போடு எழுந்து வருவீர்கள் என்று தன் ஜெபத்தையே காதில் ஓதிவிடலாம். அவர் சொன்னதைச் சொன்னால், தன் வாயாலேயே அவரை அனுப்பிவைத்த மாதிரி. போனவர் போனவர்தான், திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். அவளுக்கு அப்போதும் எதுவும் வலிக்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே என்று மட்டும் தோன்றியது.

குனிந்து காதருகில் சொன்னாள். "ஒளியிலிருந்து வர்றேன்." அவர் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. "என்னைச் செஞ்சது நீ இல்லை. உன்னோடது எதுவும் என்கிட்ட இல்லை." வார் தைக்கிற நிதானத்தோடு, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எனக்குப் பின்னால..."

அவர் கை எழும்பி வந்து அவள் வாயைப் பொத்தியது. அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அது வேண்டாம்" என்றார்.

"சொல்லாட்டி வாசல் தொறக்காதுங்க."

"தொறக்காட்டிப் போகுது."

அவ்வளவுதான் பேசினார். கை நழுவி அவள் மடியில் விழுந்தது. மூச்சு ஒருதரம் வந்தது, அப்புறம் வரவில்லை.

மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காது கேட்கும் என்று அவரே சொல்லியிருந்தார். விட்ட பதிலை இப்போதும் சொல்லிவிடலாம். அவள் காதருகே குனிந்தாள்.

"அப்ப அந்த வாசல்லயே நில்லுங்க" என்றாள். "நான் வந்துடறேன்."

ஃபாதரும் நாத்தனாரும் தெருமுனை திரும்பும்போதே அவள் அழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டது.