கொட்டாங்கச்சி முகம்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய ஆல்போன்ஸ் குடும்பம் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தது. அங்கே அமெரிக்கப் பட்டாள முகாம் ஒன்றில் அவர் சமையல்காரராக இருந்தவர். மனைவி ஆன்தோனெத் வந்த அன்றே என்னை அக்கா என்றாள். எட்டு வயது மகள் அனெத் மட்டும் மூன்று மாதமாகியும் என் வாசற்படி மிதிக்கவில்லை. சீப்புப் பணியாரம் சுட்டுக் கூப்பிட்டேன், வட்டலப்பம் வைத்துக் கூப்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கமே நின்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். இந்த சஃபியா வீட்டுக்கு வராத பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது. எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஐப்பசி மழையில் பரங்கிக்காய் ஏது? என் பரணில் கிடந்த கடைசிக் காயைக் கூட்டு வைக்கச் சொல்லி ஆன்தோனெத்திடம் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கண், மூக்கு, கோணல் பல்லெல்லாம் வெட்டி வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் நேரே போய்க் கேட்டேன். சதையைத் தோண்டிக் கூட்டு வைத்தாயிற்று என்று முதலில் சமாதானம் சொன்னாள். முகாமில் அமெரிக்கப் பிள்ளைகள் வருஷத்தில் ஒரு நாள் இப்படி முகம் வெட்டி விளக்கு வைப்பார்களாம். பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்களாம். இன்றைக்குத்தான் அந்த நாள், போக இடமில்லை என்று மகள் காலையிலிருந்து அழுகிறாளாம்.

அழுவானேன், என் வீட்டுக்கு வரட்டும், மடி நிறையத் தருகிறேன் என்றேன். அனெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“முகம் வச்ச வீட்லதான் தட்டணும் மாமி. உங்க வாசல்ல முகம் இல்லையே.”

எனக்கு வந்ததே ரோஷம். பரங்கிக்காய் இல்லாவிட்டால் என்ன, தேங்காய்க்கு அல்லாஹ்வே மூன்று கண் வைத்துத்தானே அனுப்பியிருக்கிறான். ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, ஒரு கண்ணை விரலாலேயே குத்தினேன். மற்ற இரண்டுக்கும் ஆணி வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் மக்ரிபு தொழுதுவிட்டு, வாசலில் அகலைக் கொளுத்தி அதன்மேல் சாய்த்துக் கவிழ்த்தேன். எதிர்வீட்டு மாரிக்கண்ணு என்ன ஏது என்று விசாரித்தாள். அப்புறம் சும்மா இருப்பாளா, அவளும் ஒன்று வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஏழு முகம் எரிந்தது.

வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அனெத் புறப்பட்டாள். நான் பணியாரத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். போனது எங்கே? மாரிக்கண்ணு வீட்டுக்கு. பிறகு அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. காய் என்னுடையது, யோசனை என்னுடையது, பெருமை மட்டும் மாரிக்கண்ணுக்கா? அழுகைகூட வந்தது. விளக்கை ஊதி அணைத்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன்.

போர்வைக்குள் அனெத், தட்டுவதற்குக் கையை ஓங்கியபடி நின்றிருந்தாள். பையில் முறுக்கும் கடலை மிட்டாயும் பிதுங்கின.

“என் வீடுதான் ஒனக்குக் கடைசியா?” என்றேன்.

“மத்த வீட்லல்லாம் வாங்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன் மாமி. இங்க உக்காந்து சாப்பிடலாம்னுதான் கடைசியா வச்சேன்.”

சொல்லிக்கொண்டே படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நான் பாயை விரித்தேன்.