தகர டப்பா

சூனிய அருங்காட்சியகத்தின் மாடிக்கு ஜாகோவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள் அவன் மனைவி கெரென்சா. முப்பது வருஷமாக அதன் வாசலுக்கு எதிரே துறைமுகத்தில் தன் மீன்படகைக் கட்டிவைக்கிறவன் ஒருநாளும் இதற்குள் நுழைந்ததில்லை. இன்னும் அரைமணியில் துறையில் கடல்நீர் ஏறிப் படகு மிதந்துவிடும், மீன்பிடிக்கப் புறப்பட்டாக வேண்டும். இரவு பெரும்புயல் என்று வானொலி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

"எலும்பையும் ஊசி குத்துன பொம்மையையும் காட்டவா கூட்டிட்டு வந்தே?"

"அந்தக் கடைசிப் பெட்டியப் பாரு."

கண்ணாடிக்கு அடியில் காய்ந்த வெங்காயத் தோல்போல ஒன்று கிடந்தது. பக்கத்தில் சீட்டு. 'பிறக்கும்போது குழந்தையின் தலையைப் போர்த்தியிருந்த சவ்வு. இதை வைத்திருப்பவரைக் கடல் விழுங்காது என்பது மீனவர் நம்பிக்கை. அளித்தவர்: கெரென்சா பென்ஹேல்.'

ஜாகோ கண்ணாடியருகே குனிந்தான். அது அவனுடைய சவ்வு. அம்மா புகையிலை டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தது. டப்பா இப்போதும் படகில், சுக்கானுக்கு மேலே இருக்கிறது. திறந்தால் பலன் போய்விடும் என்று அவன் திறந்ததே இல்லை.

"எப்போ எடுத்தே?"

"ஆறு வருஷமாச்சு."

ஆறு குளிர்காலம். மற்றப் படகுகளெல்லாம் கரையில் கிடந்த நாட்களில் அவன் மட்டும் போயிருக்கிறான். அலை சுவராக எழுந்தபோது டப்பாவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்திருக்கிறான். வெறும் தகரத்தை.

கீழே யாரோ இருமினார்கள்.

"அது இருக்குங்கிற தைரியத்துலதான் எந்தக் காத்துலயும் போறே," என்றாள் கெரென்சா. "என்னிக்காவது திறப்பே, காலியா இருந்தா நீயும் பயந்து கரையிலயே இருப்பேன்னு நெனச்சேன். நீ திறக்கவே இல்ல."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ கடலுக்குப் போறப்பல்லாம், வந்ததும் சொல்லிடணும்னு காத்துக் கெடப்பேன். நீ நல்லபடியாத் திரும்பி வந்ததும் சொல்லாம விட்டுடுவேன். இன்னிக்குப் போனா நீ திரும்பி வரமாட்டேன்னு தோணுச்சு, ஜாகோ."

அவன் பையில் கைபேசி அடித்தது. படகிலிருந்து அவனுடைய வேலையாள் ஹெட்லி.

"என்ன கேப்டன், சூனியக்காரிங்க பிடிச்சுத் தவளையாக்கிட்டாளுங்களா? தண்ணி ஏறிடுச்சு. கயித்த அவுக்கட்டுமா?"

ஜன்னல் வழியே துறைமுக வாய் தெரிந்தது. அதற்கப்பால் கடல் ஈயம்போலக் கறுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

"அவுக்காதே. இன்னொரு கயிறும் போட்டுக் கட்டு."

"பயந்துட்டீங்களா கேப்டன்?" ஹெட்லி சிரித்தான்.

"ஆமாண்டா," என்றான் ஜாகோ.