ஜான்ரோஸின் மூக்கும் கிளீட்டஸின் கார்புரேட்டரும்

கருங்கல் ஊர்ச் சந்தையில் ஜான்ரோஸின் மூக்குக்குத் தனி மரியாதை. கிராம்பும் நல்லமிளகும் விற்ற குடும்பம். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மோந்து, "மழையில நனஞ்சதாக்கும்" என்று அவன் சொன்னால் விலை தானாக இறங்கும். வியாபாரம் நொடித்து, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடை போட்ட பிறகும் மூக்கு பழைய தொழிலை விடவில்லை.

பிசுக்கு எடுக்கும் குளோரின் சால்வென்ட் ஒரு கேன், பழைய சரக்கு, விலைக்கு வந்தது. மூடியைத் திறந்து நெஞ்சு நிறைய இழுத்தான். இனிப்பாய் ஒரு வாசம். தலை லேசாகச் சுற்றியது. விற்க வந்தவன்கூட நல்லவனாகத் தெரிந்தான். பேரம் பேசாமல் சொன்ன விலைக்கே வாங்கினான். அவன் வம்சத்தில் அது முதல் தடவை. உண்மையான அபாய அறிவிப்பு அதுதான். கேனில் ஒட்டியிருந்த மண்டையோட்டுப் படமெல்லாம் அப்புறம்.

வெள்ளிக்கிழமை கிளீட்டஸ் தன் படகு எஞ்சினின் அலுமினியக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்தான். வலையில் சாளை மீன் நிறையப் பட்டுக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை கடலுக்குப் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் ஜான்ரோஸின் பெயர் கடற்கரை முழுக்க நாறும். அவனோ கார்புரேட்டரைக் கேனுக்குள் போட்டு, மாங்காய் ஊறுகிற மாதிரி இரண்டு நாள் ஊறவிட்டான். அவ்வப்போது திறந்து மோந்து பதமும் பார்த்தான்.

"ஷட்டரத் தொறந்து வச்சிட்டு வேலையப் பாருங்க" என்றாள் மனைவி நேசம்மாள்.

"மணம் போனா வீரியம் போயிரும்ட்டி" என்றான், கிராம்பு வியாபாரி.

ஞாயிறு மாலை கேன் பக்கத்திலேயே சரிந்து கிடந்தான். ஷட்டரைத் தூக்கி வெளியே இழுத்துப் போட்டவள் நேசம்மாள். அந்த ஆவி ரத்தத்தில் ஏறினால் மயக்கம் வரும், நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும், அடைத்த அறையில் ஆளையே முடிக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, எதற்காக மோந்தீர்கள் என்று கேட்டார். பதம் பார்த்தேன் என்றான். டாக்டர் அதைச் சீட்டில் எழுதவில்லை, மரியாதை தெரிந்தவர்.

காலையில் கார்புரேட்டரை வெளியே எடுத்தால் வெள்ளைப் பொடி பூத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. துபாயில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மச்சினன் ஜெப்சன் போனில் விளக்கினான்: "பழைய சால்வென்ட்டு அலுமினியத்தோட சேந்தா ஆசிடாவும் அத்தான். வெல்டிங் பக்கம் கொண்டு போயிராதீங்க, விஷவாயு வரும்."

கிளீட்டஸ் வந்தான். குழி விழுந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல விலைக்காக அலமாரியில் காத்திருந்த புதிய கார்புரேட்டரை ஜான்ரோஸ் எடுத்து நீட்டினான். கிளீட்டஸ் அதை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தான்.

"மழையில நனஞ்சதாக்கும் ஓய்."

விலை தானாக இறங்கியது. சும்மாவே கொண்டுபோனான்.