தொங்கலில்லாமல் கட்டிய பட்டை

மார்ச்சு மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. காலை முதலே காற்று அசையவில்லை. மேகம் தாழ்ந்து நின்றதே தவிர, ஒரு துளியும் விழவில்லை.

அன்று நண்பகலுக்குள், தசைநார் கிழிந்திருந்த என் வலது தோள் குணமாகிவிட்டது என்னும் சான்றிதழை மாவு மில்லில் ஒப்படைத்தாக வேண்டும். தவறினால், இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் பெல்ட் மாட்டும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வாசலில் லாரி எண் குறிக்கும் நாற்காலியே எனக்கு மிஞ்சும். பெல்ட்டைக் கூரையோரத்துச் சக்கரத்தில் ஏற்றுவதற்குக் கை தலைக்கு மேல் உயர வேண்டும்.

ஆறு வாரங்களுக்கு முன்பு, பிசியோதெரபி அம்மையார் ஒரு சிவப்பு ரப்பர் பட்டையைக் கொடுத்து, அதைக் கதவுப் பிடியில் கட்டி நாள்தோறும் முப்பது முறை இழுக்கச் சொன்னார். நான் ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் முதல் நாளே என் மனைவி குறுக்கிட்டாள்.

"ஏன் இப்படி இழுத்துக் கட்டுறீங்க? கொஞ்சம் தொங்கலா விடச் சொன்னாங்கல்ல?"

"தொங்குற பெல்ட் எந்தச் சக்கரத்தச் சுத்தும்? உனக்கென்ன தெரியும்?"

"ஆமா, எனக்கென்ன தெரியும்! கதவு பேந்து வந்தா அதுக்கும் நீங்களே வைத்தியம் பாருங்க."

வலி மிகுந்தபோது, தோள் வலுப்பெறுகிறது என்றே நான் எண்ணினேன். பட்டையை மேலும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இப்போது சிகிச்சை அறையில், மனைவியும் உடன் நிற்க, "கையக் காதோரம் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார் அம்மையார்.

கை மார்பு மட்டத்திலேயே நின்றது. முன்பிருந்ததைவிட ஒரு சாண் தாழ்வு. மூச்சை அடக்கி முயன்றேன். இடது தோள்தான் உயர்ந்தது.

"வீட்டுல எப்படிச் செஞ்சீங்கன்னு காட்டுங்க."

பட்டையைப் பிடியில் மும்முறை சுற்றி, விறைப்பாக்கிக் காட்டினேன். அவர் அந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"ஐயா, ஆறு வாரமும் இப்படியேவா? ஆறாத தசைநார இழுத்து இழுத்துப் புண்ணாக்கி வச்சிருக்கீங்களே! இனிமே மூணு மாசம் ஆகும்."

"மில்லுல இன்னைக்குத்தான் கடைசி நாள்மா."

"கொஞ்சம் பார்த்து எழுதுங்கம்மா. ஒரு நாள் கூட விடாம செஞ்சாரு. நான்தான் சாட்சி" என்றாள் மனைவி. வீட்டில் என்னைக் கேலி செய்த அதே வாய்.

"எழுதிடலாம்கா. மேல ஏறி நிக்கும்போது கை விட்டுப்போச்சுன்னா?"

மனைவி என் முழங்கையின் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல உயர்த்தினாள். கை உயர்ந்தது. அவள் விட்டதும் விழுந்தது. அவள் மறுபடியும் உயர்த்தினாள். "போதும், விடு" என்றேன்.

அம்மையார் எழுதிய தாளை நானே எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன்: தலைக்கு மேல் கை உயர்த்திச் செய்யும் வேலைக்குத் தகுதியில்லை. அதன் கீழே நான் ஒப்பமிட வேண்டுமாம். பேனாவை வலது கையில் எடுத்தேன். மேசை தாழ்வாக இருந்தமையால் தோள் சிறிதும் தடை சொல்லவில்லை. என் பெயரை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதி முடித்தபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டு.