தேங்காய் மூடி

அந்த டிராக்டர் வண்டியை நான் உதைத்த உதைக்கு, வேறு எதுவாக இருந்தாலும் பாகூர் ஏரியில் போய் விழுந்திருக்கும். அது இரும்பு. கால் வீங்கியது எனக்குத்தான். என் பெண்சாதி பவுனம்மாள் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே, "அது இன்னாங்க பண்ணும், வாயில்லா சீவன்" என்றாள். வாயில்லாததாம். ஒரு சால் ஓட்டுவதற்குள் புகையைக் கக்கி, இருமி, நடுக்காட்டில் நின்றுவிடும். நின்ற பிறகு அதைப் பார்த்தால் என்னைக் கேலி செய்கிற மாதிரியே இருக்கும்.

இது இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின கதை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தகரத்தில் தாராளமாகக் கிடைத்த காலம். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து மேட்டை ஒரு பிரெஞ்சுத் துரை குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டார். உழுவதற்குக் கப்பலில் டிராக்டர் வரவழைத்தார். ஒன்றிரண்டு பட்டம் உழுதார். அதற்குள் காய்ச்சலில் விழுந்து, சீமைக்கே கிளம்பிவிட்டார். போகும்போது, "தணிகைவேல், உன்னால் முடிந்தால் ஓட்டிக்கொள்" என்று சொல்லி வண்டியை என் கொட்டகையில் விட்டுப் போனார். நல்ல மாடு இருக்கிறவன் அதை ஏன் தொடப்போகிறான்? வருஷக்கணக்கில் வைக்கோலுக்கு நடுவில் கிடந்தது. அதன் இருக்கையில் கோழி அடைகாத்தது.

பிறகு வெக்கை நோய் வந்தது. என் மாடுகளும் போயின, ஊரில் பாதிப் பேருடைய மாடுகளும் போயின. இரவல் கேட்கக்கூட ஆளில்லை. ஆடி மழை மேட்டு நிலத்தை நனைத்துவிட்டுப் போயிருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது மல்லாட்டை போடாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். அப்போதுதான் துரை விட்டுப்போன வண்டி ஞாபகம் வந்தது.

வில்லியனூரில் பஸ் பழுது பார்க்கிற அந்தோணிசாமியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளில் வருவான். கைகாரன்தான், ஆனால் கையைவிட வாய் நீளம். "ஒரே நாள்ல ஓட்டிக் காட்டறேன்ணே" என்று வண்டியைப் பிரித்துப் போட்டான். உள்ளே எலி குட்டி போட்டு ஒயரையெல்லாம் கடித்திருந்தது. எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் தொட்டியைக் கழற்றப் போனவன் மூடியைப் பார்த்து, "இது இன்னா, குளவி கூடு கட்டி வச்சிருக்குது" என்று திருப்புளியை எடுத்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த பவுனு, ஈரக் கையோடு ஓடிவந்து மூடியைப் பொத்திக்கொண்டாள்.

"கூட்டுல கை வைக்காதீங்க."

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பார்கள். அந்தோணிசாமிக்கும் தெரியும். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். பவுனு போகாத கோயில் இல்லை. வில்லியனூர் மாதாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

நெட்டப்பாக்கத்திலிருந்து என் அக்கா வேலம்மாள் வந்தபோது இந்தக் கூட்டைப் பார்த்தாள். அக்கா எனக்கு மடுகரையில் இரண்டாம் தாரமாக ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். ஆடி கழிந்ததும் முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டைப் பார்த்துவிட்டு, "கொட்டாயில கட்டுனா கன்னுக்குட்டிதான் பொறக்கும்" என்றாள்.

"மாடுதான் ஒண்ணுகூட இல்லியே அண்ணி. அப்ப எனக்குத்தான்" என்றாள் பவுனு.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அக்கா அந்தப் பக்கம் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். அக்காவிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். மாட்டிடமும் வண்டியிடமும் காட்டுகிற கோபத்தை அவளிடம் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. "மொதல்ல ஒழவு முடியட்டும்க்கா" என்று மட்டும் சொன்னேன். உழவு முடிந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பவுனுக்கும் அது தெரியும்.

தொட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். அதுவரை பவுனு மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்த சமயத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். காட்டில் இறக்கினேன். ஓடியது. பிறகு நின்றது.

அந்தோணிசாமி, தீப்பொறி தருகிற காந்தம் செத்துவிட்டது என்றான். புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சக்தி ஏற்றிவந்தோம். ஓடியது, நின்றது. எண்ணெய் போகிற குழாய் அடைப்பு என்றான். ஊதினோம். ஓடியது, நின்றது. நின்றவுடன் நான் இறங்கி உதைப்பேன். பவுனு கூடு உடைந்துவிடப்போகிறது என்று ஓடிவந்து, தானே மூடியை மெல்லத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். மூடிவிட்டுச் சுற்றினால் மறுபடி கிளம்பும். கொஞ்ச தூரம் போகும். நிற்கும். யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கி வைக்கச் சொன்னார்கள். அதையும் வைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமி கையைத் துடைத்துக்கொண்டு, "எடைக்குப் போட்டுடுண்ணே" என்றான். மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பவுனு வண்டிப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றாள். மூடியில் கை வைத்திருந்தாள்.

"மூடியத் தொறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க" என்றாள். "நாலஞ்சு நாளா பாக்கறேன். தொறந்துட்டு மூடுனா ஓடுது. கொஞ்ச நேரம் மூடியே இருந்தா நிக்குது."

அந்தோணிசாமி தலையில் அடித்துக்கொண்டான். "மூடிக்குக் கண்ணு இருக்கணும்ணே. காத்து உள்ள போவணும். காத்துப் போனாத்தான் எண்ண கீழ எறங்கும். இந்தக் குளவி கண்ணு மேலயே கட்டி வச்சிருக்குது."

பவுனு மூடியைத் திருகி எடுத்து அவனிடம் நீட்டினாள். "சொரண்டிடுங்கண்ணே. ஈரம் காயுது."

அவள் அழவில்லை. வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் அவள். வண்டி எடைக்குப் போயிருக்கும், கூடு அவளிடம் இருந்திருக்கும். என் பெண்சாதியின் மேல் எனக்கு இருக்கிற ஆசையை அதுவரை நானே சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை. அந்தோணிசாமி திருப்புளியைத் தேடினான். நான் பாய்ந்து மூடியைப் பிடுங்கினேன்.

"கூட்டத் தொட்டீன்னா தொலைச்சிடுவேன். உனக்கு மூடிதானே வேணும்? கண்ணு வச்ச மூடிதானே?"

நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். காலையில் சட்னிக்குத் துருவிய தேங்காய் மூடி அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணுள்ள பாதி. அதில் ஆணியால் ஒரு குத்துக் குத்தி, நாரைச் சீவி, தொட்டி வாயில் கவிழ்த்து, மேலே மெல்லிய துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அந்தோணிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். கூட்டோடு இருந்த மூடியைப் பவுனு விளக்கு மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

வண்டியைச் சுற்றிவிட்டு ஏறினேன். ஒரு சால் போனது, திரும்பியது, இன்னொரு சால் போனது. எந்த நிமிஷம் நிற்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. காக்கையும் நாரையும் பின்னாலேயே நடந்து புழு பொறுக்கின.

உழவு முடிகிற அன்று அக்கா வண்டி கட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றாள். கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அதுவரை நடுச் சாலில் அந்த டிராக்டரை நானாக நிறுத்தியதே இல்லை. அதுவாகத்தான் நிற்கும். அன்று நானே நிறுத்தினேன். காடு முழுக்கச் சட்டென்று அமைதியாகிவிட்டது.

"இன்னாடா தம்பி, தொரை வண்டிக்குத் தேங்கா மூடியக் கட்டி வச்சிருக்க? நல்ல மூடி இன்னா ஆச்சி?"

"அது வூட்ல மாடத்துல இருக்குதுக்கா. குளவி வந்தாலும் வராட்டியும் அங்கதான் இருக்கும். யாரும் எடுக்கக் கூடாது."

அக்கா என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரியாத பேச்சா. "அப்ப மடுகரையில நான் இன்னா சொல்லட்டும்?"

"என் தம்பிக்கு ஒரு பவுனே போதுமாம்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் பார்த்தேன். கூழ்ப் பானையோடு பவுனு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அக்கா சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வெயில்ல வந்துருக்கேன், எனக்கும் ஊத்துடி" என்றாள். பவுனு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாங்க, மறுபடியும் நின்னுடுச்சா?"

"நிக்கல. நான்தான் நிறுத்தினேன்."

அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். ஊரே அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அவளைப் பாதியாக்கியது. நானும் பதில் சொல்கிறவனில்லை. குளவி ஒருநாள் மண்ணைத் துளைத்துக்கொண்டு பறந்து போனது. "கூடு காலிங்க, மூடியப் போட்டுக்குங்க" என்று பவுனு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வண்டிக்குத்தான் தேங்காய் மூடி இருக்கிறதே.