நான்காவது துண்டு

தெர்னி ஊரில் இல்டாவின் சமையலறை ஜாடியில் இருந்த உலர்ந்த திராட்சை, டிசம்பர் மாதத்தில் ஒருநாள் காலை, காம்போடு கூடிய பச்சைத் திராட்சையாகியிருந்தது. அந்த வாரம் வாதுமை விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. திராட்சையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இல்டா மட்டும் ஜாடியைத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எதனால் வந்த வினை என்று அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் மாதா திருநாள். அன்று தெர்னியில் பாம்பெப்பாத்தோ என்ற இனிப்பு உருண்டை செய்யாத வீடு கிடையாது. உலர்ந்த திராட்சை, அத்தி, வாதுமை, ஆரஞ்சுத் தோல், மிளகு எல்லாவற்றின் மேலும் உருக்கிய சாக்லேட்டையும் காய்ச்சிய திராட்சைச் சாற்றையும் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் வீட்டில் எல்லோரும் கைபோட்டுப் பிசைய வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். பிறகு தலைக்கு ஒன்றாக உருட்டி அடுப்புக்குள் வைத்துச் சுடுவார்கள். இல்டா வீட்டில் மூன்று தலை: அவள், எஃகு ஆலைக்குப் போகும் புருஷன் துயிலியோ, அவனுடைய அக்கா ஃபவுஸ்தா. ஆனால் வருடா வருடம் இல்டாவின் கை நான்காவதாக ஒன்றை, எலுமிச்சை அளவில், தன்பாட்டுக்கு உருட்டிவிடும். யாரும் பார்ப்பதற்குள் அதை நசுக்கி மாவோடு சேர்த்துவிடுவாள். அது ஏலியோவுக்கானது. யுத்த காலத்தில் ஓர் ஆகஸ்ட் மதியம் விமானங்கள் குண்டு போட்டபோது வாசற்படியிலேயே செத்துப்போன அவளுடைய கைப்பிள்ளை. படிக்கல்லில் காய்ந்த ரத்தம் எத்தனை தேய்த்தும் போகாமல், துயிலியோ அதன்மேல் ஓடு பதித்தான். அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரை அவன் வாயால் சொன்னதில்லை. இந்த வருடம் இல்டா நசுக்குவதற்குள், உலைக்குத் தள்ளிப் பழகிய கையால் அவன் தட்டை அப்படியே அடுப்புக்குள் தள்ளிவிட்டான். நான்காவதும் வெந்துவிட்டது.

அது முதல் அந்த வீட்டில் காய்ந்தது எதுவும் காய்ந்தபடி இருக்கவில்லை. அத்தியில் பால் வடிந்தது. துடைப்பம் தளிர்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாங்கிவந்த கருவாடு தொட்டியில் நீந்தியது. ஃபவுஸ்தா அதை விறகால் அடித்துத்தான் சமைத்தாள். ஊறப்போடும் வேலை மிச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மொச்சையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஜனவரியில் இல்டாவின் ரவிக்கை நனைந்தது. வருடக்கணக்கில் வற்றிக் கிடந்த மாரில் பால் சுரந்திருந்தது.

அன்றுதான் அவளுக்கு அது உறைத்தது. இனி அந்த வீட்டில் ஈரமாகாமல் மிச்சமிருப்பது படி ஓட்டுக்கு அடியில் காய்ந்திருக்கும் ரத்தம் ஒன்றுதான். அதுவும் ஈரமானால் அந்த மதியமே திரும்பி வரும், ஏலியோவும் வருவான், விமானங்களும் வரும். ஒருமுறை பறிகொடுத்தவனை இன்னொருமுறை பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. வாசற்படியை மிதிக்கப் பயந்து சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத் தண்ணீருக்குப் போய்வந்தாள். இந்த வயதில் யாரைப் பார்க்க இப்படித் திருட்டுத்தனமாகப் போகிறாய் என்று ஃபவுஸ்தா கிண்டல் செய்தாள். பிப்ரவரி பிறந்ததும் ஓட்டின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. மலைப்பக்கம் விமான இரைச்சல் கேட்கத் தொடங்கியது. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஃபவுஸ்தா கிண்டல் செய்யவில்லை.

"அந்த நாலாவது உருண்டையைத் தின்னுடலாம்டீ. அது வெந்ததுனாலதானே இதெல்லாம் வந்துச்சு, தின்னா போயிரும்," என்றாள்.

"போச்சுன்னா இந்தப் பாலும் போயிரும்ல, அண்ணி," என்றாள் இல்டா.

பிப்ரவரி நடுவில் வரும் ஊரின் பாதுகாவலர் புனித வாலந்தீனோவின் திருநாளுக்கென்று எல்லா வீட்டிலும் ஒரு பாம்பெப்பாத்தோவை எடுத்துவைத்திருப்பார்கள். அந்த வீட்டில் எஞ்சியிருந்தது அந்தச் சின்னதுதான். யாருக்கும் அதைத் தொடத் துணிவு வரவில்லை. திருநாள் மதியம் இரைச்சல் கூரைக்கு நேர் மேலே வந்து நின்றது. தட்டுகள் அதிர்ந்தன. இல்டா கத்தியை எடுத்தாள், வெட்ட முடியவில்லை. துயிலியோ அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினான்.

"நாலா வெட்டணும். ஏலியோவுக்கும் பசிக்கும்ல," என்றான்.

வெட்டினான். நான்காவது துண்டை ஒரு தட்டில் வைத்து, துணியால் மூடி, ஓட்டின்மேல் கொண்டுபோய் வைத்தான். மூவரும் தங்கள் பங்கை மென்றார்கள். இரைச்சல் மெல்ல நகர்ந்து, வழக்கமாகப் போகும் விமானங்களைப் போல மலைக்கு அப்பால் போனது. இல்டா போய்த் துணியை எடுத்தாள். துண்டில் ஒரு சின்னக் கடி இருந்தது, கீழ்வரிசையில் இரண்டே பல். மார்க்காம்பில் அவளுக்குப் பழகிய பல்தான். உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் பால் நின்றது, ஜாடித் திராட்சை சுருங்கியது, ஓட்டைச் சுற்றி ஈரம் காய்ந்தது.

அதன்பிறகு நான்காவதை யாரும் நசுக்கவில்லை. வருடா வருடம் வாலந்தீனோ திருநாளன்று அதில் ஒரு துண்டு ஓட்டின்மேல் போகும். மறுவருடம் கடியில் ஆறு பல் இருந்தது. ஏழாம் வயதில் முன்பல் இரண்டு விழுந்திருந்தன. ஃபவுஸ்தா இறந்த வருடம் கடி ஆழமாக, ஆம்பிளைக் கடியாக இருந்தது. பின்னொரு வருடம் அதற்குப் பக்கத்தில் நாசூக்காக இன்னொரு கடி. மருமகள் வந்துவிட்டாள் போல என்றான் துயிலியோ. இல்டாவின் பயம் மட்டும் போகவே இல்லை, திசைதான் மாறியது. துண்டு முழுதாக இருந்துவிடுமோ என்று ஒவ்வொரு பிப்ரவரியும் துணியைத் தூக்காமல் அதன் முனையைப் பிடித்தபடி நிற்பாள். இதுவரை அப்படி ஆகவில்லை. போன வருடம் இரண்டு கடிகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தது, இரண்டே பல். இப்போதெல்லாம் நான்காவதைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டுகிறாள்.