மடிப்பு விட்டுக் கட்டிய பாத்தி

நாளைக் காலை கொத்தனார் வருகிறார் என்று அண்ணி மாடிப்படியில் நின்றபடியே அறிவித்தார். என் வீட்டுக்காரரின் அக்கா அவர். வீடும் அவருடையதுதான். மாடியில் அவர், கீழே நாங்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் மண் முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடப் போகிறாராம்.

"சேறும் குப்பையும் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சும்மா. ஒரே பூச்சாப் பூசி விட்டுடலாம்."

அவர் கோபம் நியாயமான கோபம்தான். போன மழையில் துணி காயப் போடப் போய் அங்கேதான் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து முட்டி சரியாக மடங்குவதில்லை. தரையில் உட்கார முடியாது, குட்டை முக்காலியில் உட்கார்ந்தால் தூக்கி விட ஆள் வேண்டும். பின்பக்கம் இறங்குவதையே விட்டுவிட்டார்.

ஆனால் எனக்கு அந்த மண் வேண்டும். நான் தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடைதான் என் பிழைப்பு. என் மிஷினுக்கு எதிரே இருக்கும் ஜன்னல் வழியாக நாள் முழுக்க அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் தைக்கிறேன். நான் பிறந்தது மூன்றாவது மாடியில், கல்யாணமாகிப் போனது நான்காவது மாடிக்கு. காலுக்குக் கீழே மண் இருக்கிற முதல் வீடு இது. ஜன்னல் திண்டில் காது உடைந்த கோப்பைகளிலும் பெயிண்ட் டப்பாக்களிலும் தக்காளி, மிளகாய், கத்தரி என்று நாற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இவற்றை நான் சிமெண்டிலா நடுவது?

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் குடுங்க. பாத்தி கட்டிக் காட்டுறேன்!"

"கட்டேன், யார் வேணாம்னா? ஆனா காலையில நான் இறங்கி வரும்போது அந்தக் குப்பை மேடு இருக்கக் கூடாது. கால் வைக்கிற இடத்துல சேறு இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் சிமெண்ட்தான்."

"சரி அண்ணி!" என்று கத்தியே விட்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நல்லவேளையாக அன்று அவருக்கு விடுமுறை. விடுமுறை என்றால் பகல் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதரை உலுக்கி எழுப்பி, மரக்கடைக்கு விரட்டினேன். பெரிய மரத்தை அறுக்கும்போது ஒதுக்கிப் போடுகிற பலகைகள் அங்கே மலை போலக் கிடக்கும். ஒரு பக்கம் பட்டையோடு, ஓரம் கோணல் மாணலாக இருக்கும். மேஜை செய்ய ஆகாது, பாத்திக்கு அதைவிட அழகு வேறெதில் வரும்? பலகையோடு மதியம் வரைக்கும் ஒரு ரம்பத்தையும் இரவல் வாங்கி வந்தார். வரும் வழியில் ஒரு வண்டி மண்ணும் மக்கிய சாணமும் சொல்லிவிட்டு, குப்பை அள்ளும் வண்டிக்காரரிடமும் பேசிவிட்டார்.

"அகலம் எவ்வளவு?" என்றார்.

"என் கை எட்டுற அளவு. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. உள்ள இறங்கி மிதிச்சா மண்ணு இறுகிடும்ங்க."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் கையையே அளந்தேன். முழுக்கைச் சட்டைக்கு அளவு எடுப்பது போலத்தான். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டேன். பலகைகளைச் சிறு துண்டுகளாக அறுத்து, தோளோடு தோள் சேர்த்து நட்டு, உள்பக்கம் கழிகளை வைத்து ஆணி அடிப்பது என்று திட்டம். அரை அடி மண்ணுக்குள், ஒரு அடி வெளியே. முதல் பலகையில் நானே அளவு குறித்துக் கொடுத்துவிட்டு, சாக்குகளைத் தூக்கிக்கொண்டு மிஷினுக்கு ஓடினேன். பலகை இடுக்கு வழியாக மண் ஒழுகக் கூடாதல்லவா, அதற்குச் சாக்கில் உள்துணி.

"பாத்திக்கு லைனிங் வேறயா!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"பேசாம அறுங்க!"

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரம்பம் அங்கே கர் கர் என்றது, மிஷின் இங்கே கட கட என்றது. மரத்தூள் வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது. மிதித்த மிதியில் இரண்டு ஊசி உடைந்தது, கவலையே படவில்லை.

அவர் எல்லாவற்றையும் அறுத்து முடித்து, ரம்பத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் முதல் வரிசையை நட்டோம். நட்டுவிட்டுப் பார்த்தால், பலகை என் முட்டியைத் தாண்டி நிற்கிறது.

"என்னங்க இது, இவ்வளவு உசரம்?"

"நீ போட்ட கோட்டுக்கு வெளியே நாலு விரல் விட்டு அறுத்தேன். கோட்டு மேலயே வெட்டினா நீ கொன்னுடுவியே!"

"அது துணிக்குங்க, தையலுக்கு விடுறது!"

"நாலு விரலுக்கு இவ்வளவு வராதே. நீ எவ்வளவு குறிச்ச?"

யோசித்தேன். எனக்கே முகம் சூடாகிவிட்டது. சீருடை தைக்கிற கை. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் பிரித்து விட வேண்டும் என்று கால்சட்டைக்கு அடியில் தாராளமாக மடிப்பு விடாமல் அந்தக் கை எதையும் குறித்ததே இல்லை.

"மடிப்புக்கு... அரை அடி விட்டுட்டேன்."

"அறுத்த மரம் வளருமா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் மரத்தூளிலேயே உட்கார்ந்து சிரித்தோம். மண் வண்டி வந்து கொட்டிவிட்டுப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு அடிக்குச் சொன்ன மண் அது. இந்த உயரத்துக்கு அது பாதிதான் வரும். அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டிக்காரர் போன் செய்தார். டயர் பஞ்சராம், நாளை மறுநாள்தான் வருவாராம்.

குப்பை மேடு அப்படியே இருந்தது. யாரோ எப்போதோ வெட்டிப்போட்ட கிளைகள், சருகு, நனைந்த அட்டைப் பெட்டிகள், உடைந்த செங்கல். வெயில் வேறு சாய ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடு, அக்காகிட்ட நான் பேசுறேன்" என்றார் அவர்.

பேசுவாராம்! அக்காவுக்கு முன்னால் நின்றால் அவருக்கு வாய் திறக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் உள்ளே போய் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த தலையணையை ஒரு குத்து குத்தினேன். தைத்து மிஞ்சுகிற வெட்டுத் துணியையெல்லாம் உள்ளே திணித்து நானே தைத்த தலையணை அது.

குத்திய கை அப்படியே நின்றது. தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

"என்னங்க, உள்ள கழிவை அடைச்சு, மேல நல்ல துணி! பாத்தியும் அப்படித்தான்! கீழ கிளை, அதுக்கு மேல அட்டை, சருகு. எல்லாம் மக்கி எருவாயிடும். மண்ணு மேல மட்டும் போதும்!"

அவர் குப்பை மேட்டைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. காலை நேரத்துப் பஸ்ஸில் ஆளை ஏற்றுகிறவருக்குக் கிளையை ஏற்றச் சொல்லித் தரவா வேண்டும்?

"உள்ள போ, உள்ள போ! நடுவுல காலியாத்தானே கிடக்கு, தள்ளிப் போ! யாருப்பா அது குறுக்கால படுத்திருக்கிறது? எந்திரி!"

நான் விழுந்து விழுந்து சிரித்தபடி சருகு அள்ளிக் கொடுத்தேன். மேடு கரைந்துகொண்டே வந்தது. செங்கல் துண்டுகளைத் துணி காயப் போடும் கொடி வரை பாதையாகப் பதித்தோம், சேறு மறைந்துவிட்டது. கடைசியாக மண்ணும் சாணமும் கொட்டி நிரவியபோது விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. அதைவிட வேறென்ன வேண்டும்! பலகைத் தலைகள் மட்டும் ஒன்று ஏறி ஒன்று இறங்கி அசிங்கமாகத் தெரிந்தன. மிச்சமிருந்த அகலப் பலகைகளை விளிம்பின் மேலே சுற்றிலும் படுக்க வைத்து ஆணி அடித்தோம். கால்சட்டை இடுப்புக்குப் பட்டி வைப்பது மாதிரி. இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். குப்பை மேடு இருந்த இடத்தைத் தேடினார். செங்கல் பாதையைக் கைத்தடியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"குப்பைய எங்கே தள்ளினீங்க? பக்கத்து வீட்டுப் பக்கமா?"

"உள்ளதான் அண்ணி இருக்கு" என்று பாத்தியைக் காட்டினேன்.

"இது என்னடா, இவ்வளவு உசரத்துக்குப் பொட்டி கட்டி வச்சிருக்கீங்க?"

பேசுகிறேன் என்ற கண்டக்டர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அண்ணி பாத்தியைச் சுற்றி வந்தார். வந்தவர் நடந்த களைப்பில், யோசிக்காமலேயே, விளிம்புப் பலகையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பலகையைத் தடவிப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்தார். யாரும் தூக்கி விடவில்லை. மறுபடி உட்கார்ந்தார். மெல்லத் திரும்பி மண்ணில் கையை வைத்தார், ஒரு பிடி எடுத்து உதிர்த்தார், ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார். பிறகு இன்னொரு கல். எங்கள் மூன்று பேரையும் மறந்தே போய்விட்டார் போலிருந்தது.

"அம்மா, கலவை போட்டுடலாமா?" என்று கேட்டார் கொத்தனார்.

"இருப்பா." அண்ணி நிமிரவே இல்லை. "மாடிப்படி தேஞ்சு கிடக்கு, அதுல பூசு. இனிமே நான் தினமும் இறங்கணும்ல."

நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன.

"ஏன்மா அழுவுற? கொத்தமல்லி விதை இருந்தா கொண்டா, ஓரமாத் தூவலாம்" என்றார் அண்ணி. "அந்தப் பக்கம் எனக்கும் ஒண்ணு கட்டுங்க. இதே உசரம். ஒரு விரல் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன். என்ன கணக்குல கட்டினீங்க இதை?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த டேப்பை உருவினேன்.

"காலை நீட்டாம உக்காருங்க அண்ணி" என்று அவர் முன்னால் மண்டியிட்டு, முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தேன். இந்த முறை மடிப்பு விடவில்லை.